கார்ன்வாலுக்குப் போக எது சரிப்படும்? ரயில், கார், கோச் பேருந்து, விமானம்: என் தீர்ப்பு

லண்டனிலிருந்து கார்ன்வாலுக்கு எப்படிப் போகலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அங்கே எந்த ஊரில் தங்கப் போகிறீர்கள்? அதைச் சொல்லாமல் ரயிலா காரா என்று பேசுவதில் பிரயோஜனம் இல்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கிற மாவட்டம் அது. 2021 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 5.7 லட்சம் பேர், நகர அந்தஸ்து உள்ள ஊர் ட்ரூரோ ஒன்றே ஒன்று, மோட்டார்வே ஒரு மைல்கூட இல்லை. எம்5 சாலை பக்கத்து மாவட்டமான டெவனில், எக்ஸெட்டரோடு முடிந்துவிடுகிறது. லண்டனிலிருந்து மாவட்ட எல்லை வரை எதில் போனாலும் ஒருவிதமாகப் போய்ச் சேர்ந்துவிடலாம், அதற்கப்புறம் இருக்கிற கடைசிப் பத்து மைலில்தான் குடும்பச் சண்டையே வருகிறது.

என் வாக்கு ரயிலுக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லண்டனின் பேடிங்டன் ஸ்டேஷனிலிருந்து, கார்ன்வாலின் மேற்குக் கோடியில் தண்டவாளம் முடிகிற பென்சான்ஸ் வரை சுமார் 305 மைல், ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆகும். எங்கேயும் மாறாமல் நேரே போகிற ரயில்கள் பகல் முழுக்க இருக்கின்றன. இருக்கைகள் கொஞ்சம் கெட்டி, அஞ்சு மணி நேரம் உட்காரப் போகிறோம் என்று தெரிந்து ஒரு சால்வையாவது மடித்துப் போட எடுத்துக்கொள்வது நல்லது. பெட்டி வைக்கிற தட்டுகளும் தாராளம் இல்லை. விமான நிலையத்திலிருந்து 23 கிலோ பெட்டிகள் நாலைத் தள்ளிக்கொண்டு நேரே வருகிறவர்கள், இரண்டையாவது பேடிங்டனில் உள்ள பொருள் வைப்பகத்தில் போட்டுவிட்டு ஏறினால் நிம்மதியாக இருக்கலாம்.

போகும்போது இடது பக்க ஜன்னல் இருக்கையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள், இதில் சமரசமே வேண்டாம். எக்ஸெட்டர் தாண்டியதும் எக்ஸ் ஆற்றின் கழிமுகம் கூடவே வரும், நீர் வற்றியிருந்தால் சேற்றில் சாய்ந்து கிடக்கும் படகுகள், பறவைக் கூட்டம். அப்புறம் டாலிஷ் என்கிற கடற்கரை ஊர். அங்கே தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சுவர்தான் உண்டு, மறுபக்கம் செம்மண் நிறப் பாறை, நடுநடுவே குட்டிக் குட்டிச் சுரங்கங்கள். 2014 பிப்ரவரியில் அடித்த புயலில் இந்தச் சுவரே உடைந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஏப்ரல் 4 வரைக்கும் கார்ன்வாலுக்கு ரயிலே இல்லை, இத்தனை பெரிய மாவட்டத்துக்கு வேறு மாற்றுப் பாதை கிடையாது என்பது அன்றைக்குத்தான் பல பேருக்குப் புரிந்தது. பிறகு உயரமான புதுச் சுவர் கட்டிவிட்டார்கள். இருந்தாலும் குளிர்காலத்தில் பெருங்காற்று எச்சரிக்கை வந்திருந்தால் கிளம்பும் முன் ரயில் நிலவரத்தை ஒருமுறை பார்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பிளிமத் வந்ததும் பலர் எழுந்து கோட்டை மாட்டிக்கொள்கிறார்கள். உட்காருங்கள், இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது! எண்பது மைல் தூரத்துக்கு இரண்டு மணி நேரம், ஏனென்றால் பாதை வளைந்து வளைந்து பள்ளத்தாக்குகளின் மேல் பாலம் பாலமாகப் போகிறது. முதல் பாலம்தான் பெரியது, டெவனையும் கார்ன்வாலையும் பிரிக்கிற டேமர் ஆற்றின் மேல் 1859-இல் திறந்த ராயல் ஆல்பர்ட் பாலம். ஒற்றைத் தடம், மணிக்கு 15 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு, அதனால் கீழே போர்க்கப்பல்களையும் பக்கத்தில் 1961-இல் கட்டிய சாலைப் பாலத்தையும் ஆற அமரப் பார்க்கலாம். பாலத்தின் நெற்றியில் அதை வடிவமைத்த பொறியாளர் புருனெலின் பெயரைப் பெரிய எழுத்தில் பதித்திருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு வர முடியாத அளவுக்கு அந்த மனிதருக்கு உடம்பு முடியவில்லை, பிற்பாடு ஒரு திறந்த வண்டியில் படுக்க வைத்துத்தான் அவருடைய பாலத்தை அவருக்கே காட்டினார்கள். அதே ஆண்டு இறந்துபோனார்.

கட்டண விஷயம். அன்றைக்கே போய் ஸ்டேஷனில் வாங்கினால் விலை கண்ணைக் கட்டும், அதைப் பார்த்துவிட்டுத்தான் நிறைய பேர் ரயில் வேண்டாம் என்று ஓடுகிறார்கள். குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லுகிற அட்வான்ஸ் டிக்கெட்டுகள் பயண நாளுக்குச் சில வாரங்கள் முன்பே விற்பனைக்கு வரும், அவற்றைப் பிடித்தால் கதையே வேறு. அதோடு ரயில்கார்டு என்கிற கட்டணச் சலுகை அட்டை. இரண்டு பேர் எப்போதும் சேர்ந்தே போகிறீர்கள் என்றால் டூ டுகெதர், பிள்ளைகளோடு என்றால் ஃபேமிலி அண்ட் ஃபிரண்ட்ஸ். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு அறுபது சதவீதம் குறையும். ஐந்து வயதுக்குள் இருந்தால் காசே இல்லை. இதெல்லாம் இங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்று நினைத்து வாங்காமல் விடுகிறார்கள், சுற்றுலா வருகிறவர்களும் வாங்கலாம். கார்ன்வால் மாதிரி நீண்ட பயணம் என்றால் கார்டுக்குக் கொடுத்த பணம் ஒரே பயணத்தில் கைக்கு வந்துவிடும். டூ டுகெதர் மட்டும் வார நாட்களில் காலை ஒன்பதரைக்கு முன் செல்லாது. ஒரே ரயிலில் உட்கார்ந்தபடியே டிக்கெட்டை நடு ஸ்டேஷன் வரை ஒன்று, அங்கிருந்து ஒன்று என இரண்டாக உடைத்து வாங்குவதும் முழுக்கச் சட்டப்படியானதுதான், உடைக்கிற ஸ்டேஷனில் அந்த ரயில் நின்று போனால் போதும்.

ஹீத்ரோவில் இறங்குகிறவர்கள் பேடிங்டனுக்குப் போக வேண்டியதே இல்லை. விமான நிலையத்திலிருந்து ரெடிங் ஸ்டேஷனுக்கு ரெயில்ஏர் என்கிற கோச் இருக்கிறது, பென்சான்ஸ் ரயில்கள் பெரும்பாலும் ரெடிங்கில் நிற்கும். லண்டன் நெரிசலுக்குள் பெட்டிகளோடு நுழைந்து மறுபடி அதே பக்கம் வெளியே வருகிற கூத்து மிச்சம்.

இப்போது இரவு ரயில், எனக்குப் பிடித்தது. நைட் ரிவியேரா என்று பெயர். பிரிட்டனில் மிஞ்சியிருப்பது இரண்டே இரண்டு படுக்கை ரயில் சேவைகள், ஒன்று ஸ்காட்லாந்துக்கு, இன்னொன்று இது. சனிக்கிழமை தவிர எல்லா இரவும் பேடிங்டனிலிருந்து பதினொன்றே முக்காலுக்குக் கிளம்பி, எட்டு மணி வாக்கில் பென்சான்ஸில் விடும். அவசரமே படாது. பகல் ரயிலைவிட மூன்று மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது, உங்களைத் தூங்கவிட வேண்டுமே. கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே ஏறிப் படுத்துவிடலாம். கேபின் டிக்கெட் இருந்தால் பேடிங்டனில் தனி ஓய்வறை, அங்கே குளித்துக்கொள்ளவும் முடியும்.

கேபின் என்றதும் விசாலமாகக் கற்பனை செய்ய வேண்டாம். சென்னையிலிருந்து வந்த அத்தையை உள்ளே கூட்டிப்போனதும் அவர் கதவருகிலேயே நின்று, "என்னடா, பீரோவுக்குள்ள படுக்கச் சொல்றீங்க?" என்றார். அளவு அப்படித்தான். ஆனால் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொள்ளலாம், விரிப்பு வெள்ளை வெளேரென்று இருக்கும், ஜன்னல் பக்கம் மூடியைத் தூக்கினால் கீழே கைகழுவும் தொட்டி, பக்கத்தில் சின்னத் துண்டு. கழிவறை பெட்டிக் கோடியில். மேல் படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும், ஏணியும் செங்குத்தாக இருக்கும், முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. வயதானவர்கள் இருவர் வந்தால் ஆளுக்கொரு தனிக் கேபின்தான் சரி, செலவு கூடும். அத்தை கீழ்ப் படுக்கையில் ரெடிங் வருவதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார், மேலே இருந்த எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை.

காலையில் பணியாளர் கதவைத் தட்டிச் சிற்றுண்டி கொடுப்பார். சைவம் என்றால் ஓட்ஸ் கஞ்சி கேட்கலாம், வேறு பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். திரையை விலக்கினால் ஈரப் புல்வெளியும் மாடுகளும் பழைய தகரச் சுரங்கங்களின் புகைபோக்கிகளும் போய்க்கொண்டிருக்கும். பென்சான்ஸ் நெருங்கும்போது இடது பக்கம் கடலுக்கு நடுவே செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் என்கிற தீவு தெரியும், கோட்டையோடு. டிக்கெட்டுக்கு மேல் கேபினுக்குத் தனிக் கட்டணம் உண்டு, ஆனால் ஒரு ராத்திரி ஹோட்டல் செலவு மிச்சமாகிறதே, அதைக் கழித்துப் பாருங்கள். சாய்ந்து உட்காரும் இருக்கைகளும் இதே ரயிலில் மலிவாகக் கிடைக்கும், இருபது வயசுப் பிள்ளைகளுக்கு ஓகே. ஒரே ஒரு தொல்லை, காலை எட்டு மணிக்கு இறங்கினால் எந்த விடுதியும் அறை தராது, மதியம் மூன்று நான்கு ஆகும். பெட்டியை மட்டும் முன்னதாக வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறார்களா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். போகும்போது இரவு ரயில், வரும்போது பகல் ரயில் என்பதுதான் என் கணக்கு. இரண்டு பக்கமும் இரவில் போய்வந்தால் டாலிஷ் கடலைப் பார்க்காமலே வீடு திரும்புவீர்கள்.

கார். லண்டனிலிருந்தே ஓட்டிக்கொண்டு போவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை, குறிப்பாக ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய. அங்கே விடுமுறை வீடுகள் பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வாடகைக்கு விடப்படுகின்றன. அதனால் ஒரே நாளில் பாதிப் பேர் உள்ளே போக, பாதிப் பேர் வெளியே வர, எல்லோரும் மாவட்டத்தின் முக்கியச் சாலையான ஏ30-இல்தான். வரைபடம் ஐந்து மணி நேரம் என்று காட்டும், அது ஏதோ செவ்வாய்க்கிழமை விடிகாலைக்குப் போட்ட கணக்கு. ஏ303 வழியாகப் போனால் ஸ்டோன்ஹெஞ்ச் என்கிற பழங்காலக் கல்வட்டத்தின் பக்கம் சாலை திசைக்கு ஒரே தடமாகச் சுருங்கும், அங்கே சுரங்கச் சாலை போடும் திட்டத்தை 2024-இல் கைவிட்டுவிட்டார்கள். கற்களை இலவசமாக வெகுநேரம் பார்க்கலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல். ஒரு நல்ல செய்தியும் உண்டு: கார்ன்வாலுக்குள்ளே சிவர்ட்டன் முதல் கார்லண்ட் கிராஸ் வரை, ஆண்டுக்கணக்காகக் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த இடம், 2024-இல் இரட்டைச் சாலையாகிவிட்டது.

ஏ30-ஐ விட்டு இறங்கியதும்தான் அசல் கார்ன்வால் சாலை ஆரம்பிக்கும். ஒரு கார் அகலம், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பச்சைப் பசேலென்ற வேலி, வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. செடிதானே, உரசினால் என்ன என்று ஒதுங்கினீர்களோ, தொலைந்தது. அந்த வேலிக்குள்ளே இருப்பது கல். கல்லை அடுக்கி மண் நிரப்பி, அதன் மேல் நூற்றாண்டுகளாகப் புல்லும் பூச்செடியும் வளர்ந்திருக்கின்றன. கதவு நெடுகக் கோடு விழும் சத்தம் கேட்ட பிறகுதான் வாடகைக் கார் காப்பீட்டில் எவ்வளவு நம் தலையில் என்று தேடுவோம். எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் போக வேண்டியவர் நீங்கள்தான், இதில் விவாதம் கிடையாது. ரிவர்ஸில் நூறு அடி வளைந்து போகத் தைரியம் இல்லாதவர்கள் இந்தச் சாலைகளை நம்பி வடக்குக் கரையில் வீடு எடுக்காதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் மட்டும் பின்னால் பார்க்காமலே சர்ரென்று ஒதுங்கி, போகும்போது ஒரு விரலைத் தூக்கி நன்றி சொல்வார்கள், பார்க்கப் பொறாமையாக இருக்கும்.

இவ்வளவு சொன்னாலும் கார் வேண்டிய இடங்கள் இருக்கின்றன, இல்லை என்று சொல்ல மாட்டேன். டின்டாஜல், போர்ட் ஐசக், பியூட் பக்கமெல்லாம் ரயில் கிடையாது. பேட்ஸ்டோவுக்கு முன்பு இருந்தது, 1967-இல் மூடி, பாதையை இப்போது சைக்கிள் தடமாக்கிவிட்டார்கள். அங்கே தங்குகிறவர்கள், கைக்குழந்தையும் தள்ளுவண்டியும் வைத்திருப்பவர்கள் ரயிலில் ட்ரூரோ வரை போய் அங்கே இரண்டு நாளைக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். இருப்பதிலேயே சின்னக் காராகக் கேளுங்கள், பெரிசு தருகிறோம் என்று கவுண்டரில் சிரித்துக்கொண்டே சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் விருந்தாளிகள் வந்ததிலிருந்து 12 மாதம் வரை இங்கே ஓட்டலாம், ஓட்டுவதும் இடது பக்கம்தான். ஒன்றில் மட்டும் உஷார்: நான் போன ஓர் இடத்தில், பணம் முழுக்கக் கட்டியாகிவிட்ட பிறகும், முன்பணம் பிடித்து வைக்க ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், டெபிட் கார்டு ஆகாது, மனைவியின் கார்டும் ஆகாது என்று சாவியைத் தர மறுத்துவிட்டார்கள். மச்சான் பெயருக்கு ஓட்டுநரை மாற்றி எழுதி, அதற்கும் ஒரு கட்டணம் வாங்கி, பிறகுதான் விட்டார்கள். இது பதிவு செய்யும் பக்கத்தில் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

கோச் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நேஷனல் எக்ஸ்பிரஸ் விக்டோரியா கோச் நிலையத்திலிருந்து ஹீத்ரோ வழியாகப் போகிறது, பென்சான்ஸுக்கு ஒன்பது மணி நேரத்தை ஒட்டி ஆகும், கடைசி நேரத்திலும் பெரும்பாலும் ரயிலைவிட மலிவு. ரயில் பணியாளர் வேலைநிறுத்தம் என்றால் இதுதான் கதி. முதுகு தாங்குமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விமானத்தை நம்பி விடுமுறை போடாதீர்கள். நியூகீ பக்கத்தில் விமான நிலையம் இருக்கிறது, விமானம் ஓடுகிற காலத்தில் லண்டனிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்தான். ஆனால் அந்தத் தடத்தின் ஜாதகம் சரியில்லை. முன்பு ஓட்டிக்கொண்டிருந்த ஃப்ளைபி 2020 மார்ச்சில் மூழ்கியது, பிற்பாடு வந்த ஈஸ்டர்ன் ஏர்வேஸ் 2025 அக்டோபரில் நின்றுபோனது. இறங்கினாலும் அங்கே ரயில் நிலையம் கிடையாது, பேருந்தோ டாக்ஸியோ பிடித்து நியூகீக்கோ ட்ரூரோவுக்கோ வர வேண்டும். லண்டன் பக்க விமான நிலையம் வரை போகிற நேரம், பாதுகாப்பு வரிசை எல்லாம் கூட்டினால் ரயிலோடு சமமாகிவிடும்.

சரி, போய்ச் சேர்ந்தாயிற்று, உள்ளே சுற்றுவது எப்படி? இங்கேதான் கார்ன்வால் ஆச்சரியப்படுத்துகிறது. முக்கியத் தடத்திலிருந்து கிளை கிளையாகக் குட்டி ரயில்கள் கடற்கரைக்கு இறங்குகின்றன. லிஸ்கர்டிலிருந்து லூவுக்கு, பாரிலிருந்து நியூகீக்கு, ட்ரூரோவிலிருந்து ஃபால்மத்துக்கு, செயின்ட் எர்த்திலிருந்து செயின்ட் ஐவ்ஸுக்கு. கடைசியில் சொன்னதற்கு முழு மதிப்பெண். நாலேகால் மைல்தான், கால் மணி நேரம்கூட ஆகாது, வலது பக்கம் உட்கார்ந்தால் முதலில் ஹேல் கழிமுகம், பிறகு மணல் மேடுகள், கார்பிஸ் பே வந்ததும் தண்ணீர் இங்கிலாந்து நிறத்திலேயே இருக்காது. செயின்ட் ஐவ்ஸுக்குள் காரைக் கொண்டுபோய் இடம் தேடிச் சுற்றுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். காரில் வந்தவர்கள்கூட செயின்ட் எர்த் ஸ்டேஷனில் பெரிதாகக் கட்டியிருக்கும் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு இந்த ரயிலில் போவதுதான் உத்தமம்.

லூ ரயில் இன்னொரு வகையில் வேடிக்கை. லிஸ்கர்டில் அதன் நடைமேடை மற்ற நடைமேடைகளோடு சேராமல் குறுக்கே தனியாக இருக்கும். கிளம்பி, கிட்டத்தட்ட வட்டமடித்து இறங்கி, பெரிய பாலத்துக்கு அடியில் புகுந்து கூம் சந்திப்பில் நின்றுவிடும். கார்டாக வருகிற ரயில் பணியாளர் கீழே இறங்கிப் போய்த் தண்டவாளத்தை மாற்றிவிட்டு வருவார், ஓட்டுநர் தன் பையோடு இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போவார், அப்புறம் வந்த திசைக்கே திரும்பி லூவுக்குக் கிளம்பும். புதிதாக வந்தவர்கள் ரயில் கெட்டுப்போய்விட்டதோ என்று முழிப்பார்கள். நடுவில் உள்ள குட்டி நிலையங்களில் கேட்டால்தான் நிற்கும், இறங்க வேண்டுமானால் முன்கூட்டியே கார்டிடம் சொல்ல வேண்டும், ஏற வேண்டுமானால் நடைமேடையில் நின்று ஓட்டுநருக்குத் தெரிகிற மாதிரி கையைக் காட்ட வேண்டும். செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் போய்விடும்.

பேருந்துகளைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஒரு வழிக் கட்டணத்துக்கு இங்கிலாந்து முழுக்க 3 பவுண்ட் உச்சவரம்பு 2025 ஜனவரியிலிருந்து இருக்கிறது (அதற்கு முன் 2), எவ்வளவு தூரம் போனாலும் அதுதான். பென்சான்ஸில் ரயிலை விட்டு இறங்கினால் பக்கத்திலேயே பேருந்து நிலையம், லேண்ட்ஸ் எண்ட், போர்த்கர்னோ பக்கமெல்லாம் போகலாம். மாடி பஸ்ஸில் மேல் வரிசையில் முன்னால் உட்கார்ந்தால், காரில் வந்தவர்களுக்கு வேலிக்கு மேல் தெரியாத கடல் முழுசாகத் தெரியும், கிளைகள் கண்ணாடியில் படபடவென்று அடிக்கும், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். பேட்ஸ்டோவுக்குப் போகிறவர்கள் போட்மின் பார்க்வேயில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும், அந்த ஸ்டேஷன் போட்மின் ஊரிலிருந்து சில மைல் தள்ளிக் காட்டுக்குள் இருக்கிறது, நடந்து போய்விடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். குறை என்னவென்றால் மாலைக்கு மேல் வண்டிகள் குறைந்துவிடும், ஞாயிறு இன்னும் மோசம், குளிர்கால அட்டவணை வேறு. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்க்காமல் கடற்கரைக் கிராமத்தில் மீன் சாப்பிட உட்காரக் கூடாது. டாக்ஸி, செயலியில் தட்டினால் ஐந்து நிமிடத்தில் வந்து நிற்கும் என்று லண்டன் பழக்கத்தில் நினைக்க வேண்டாம், முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். பள்ளத்தில் இருக்கும் ஊர்களில் சிக்னலும் கிடைக்காது, டிக்கெட்டையும் அட்டவணையையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை போகிறவர்கள் கார் இல்லாமல் தங்க மூன்று ஊர் சொல்வேன். பென்சான்ஸ், மேற்கு முனையைச் சுற்ற. விலையும் செயின்ட் ஐவ்ஸ் அளவுக்கு இல்லை. ஃபால்மத், சாப்பாட்டுக்கும் படகுக்கும். எதிர்க்கரையில் இருக்கும் செயின்ட் மாஸுக்குப் படகில் இருபது நிமிடம், அதே இடத்துக்குச் சாலையில் போனால் ஆற்றைச் சுற்றி வளைத்துக்கொண்டு போக வேண்டும். ட்ரூரோ, எல்லாப் பக்கமும் போய்வர வசதி, ஆனால் கடல் இல்லை, கார்ன்வால் வந்து கடல் இல்லாமல் எழுந்திருப்பதா என்று வீட்டில் கேட்பார்கள். நியூகீ அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்கு, மற்றவர்கள் தவிர்க்கலாம்.

திரும்பும் பயணத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டாம், தண்டவாளப் பராமரிப்பு வேலை பெரும்பாலும் அன்றைக்குத்தான், பாதி வழியில் இறக்கிப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். காரில் வருகிறவர்களுக்கு டேமர் பாலத்தில் சுங்கம் உண்டு, கார்ன்வாலை விட்டு வெளியே வரும்போது மட்டும், உள்ளே போகும்போது கிடையாது. ஏ30 வழியாக வந்தால் அதுவும் இல்லை. ரயில் 15 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் டிலே ரிப்பே என்கிற தாமத நஷ்டஈடு கேட்கலாம், 28 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.